கொன்வெக்ஸ் என்றால் தெளிவா?

தமிழில் விஞ்ஞானம் சொல்ல வராது என்ற பழைய வாதம் இன்று நேர்வாசலால் வருவதில்லை. அது தோற்றுப்போன வாதம் என்பதை அதனைச் சொல்பவர்களே அறிவர். ஆகவே இப்போது அது பிள்ளைகள்மீது இரக்கம் கொண்ட குரலில் வருகிறது. “பாவம், பிள்ளைகள்! குவிவு எது, குழிவு எது என்று தெரியாமல் தடுமாறுகின்றார்கள். கொன்வெக்ஸ், கொன்கேவ் என்று ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே” என்கின்றார்கள். இப்படிச் சொல்வோரிற் பலர் தாமே தமிழ்மொழிமூலம் படித்துப் பட்டம் பெற்றவர்கள். தம் பிள்ளைகளை ஆங்கிலமொழிமூல வகுப்பிற் சேர்த்துவிட்டு, மற்றவர் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழிமூலம் கற்பித்துச் சம்பளம் பெறுபவர்களும் அவர்களுள் உளர்.

இரக்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டுச் சொல்லை எடுத்துப் பார்ப்போம். ஒரு மொழியின் சொல்லைத் தெளிவற்றது என்று தள்ளி, இன்னொரு மொழியின் சொல்லைத் தெளிவானது என்று ஏற்பதாயின், ஏற்கும் சொல்லையும் அதே தராசில் இட்டு நிறுக்க வேண்டும். இந்த விவகாரத்தில் அது நடப்பதேயில்லை. தமிழ்ச்சொல் குற்றவாளிக்கூண்டில் நிற்கிறது. ஆங்கிலச்சொல்லோ நீதிபதியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்திருக்கிறது.

பிள்ளைகளின் தடுமாற்றம் உண்மையானதே. குவிவு வில்லையினூடு செல்லும் சமாந்தர ஒளிக்கதிர்கள் ஒருங்கி ஒரு புள்ளியிற் சேர்கின்றன. குவிவாடியிற் பட்ட சமாந்தரக் கதிர்களோ தெறித்து விரிந்து செல்கின்றன. குழிவில் இது தலைகீழ்: குழிவு வில்லை கதிர்களை விரிக்கும், குழிவாடி ஒருங்கச் செய்யும். அடைமொழி ஒன்று, ஆனால் அது வில்லைக்கு முன் நின்றால் ஒரு தொழில், ஆடிக்கு முன் நின்றால் அதற்கு நேரெதிரான தொழில். இது போதாதென்று, கதிர்கள் சேரும் புள்ளிக்குக் ‘குவியம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். குவிவாடிக்கும் ஒரு குவியம் உண்டு. ஆனால் அங்கே எந்தக் கதிரும் குவிவதில்லை. ஆடிக்குப் பின்னே, கதிர்கள் அங்கிருந்து புறப்பட்டாற்போலத் தோன்றும் இடம் அது.

சென்ற ஆண்டு பத்தாந்தர மாணவன் ஒருவன் இந்தச் சிக்கலைத் தமிழ்ப் பாடவேளையில் என்னிடம் கொண்டுவந்தான். “சேர், குவிவாடி ஒளியைக் குவிக்காது, விரிக்கும் என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் அதற்கு ஏன் குவிவாடி என்று பேர்?” என்றான். விஞ்ஞான வகுப்பில் ஏன் கேட்கவில்லை என்று வினவினேன். கேட்டானாம். “அது பேர், பாடமாக்கு” என்று விடை கிடைத்ததாம். அந்த மாணவன் கேட்டது மிகக் கூர்மையான வினா. பாடப்புத்தகத்தை விழுங்கியவனுக்கு இந்த ஐயம் தோன்றாது. தன் தாய்மொழியின் சொல்லை உயிருள்ள சொல்லாகக் கேட்பவனுக்கே தோன்றும்.

குவிதல் என்ற வினைக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அறுவடைக்களத்தில் நெல் குவிகிறது. அங்கே குவிதல் மேடாக எழுதல். அந்தியில் ஆம்பலன்றித் தாமரை குவிகிறது. அங்கே குவிதல் இதழ்கள் ஒன்றுகூடி மூடுதல். வழிபடுவோனின் கை குவிகிறது. அங்கே இரண்டும் கலந்திருக்கின்றன. குவிவாடி என்னும் தொடரில் வருவது நெற்குவியலின் குவிவு. ஆடியின் முகம் நம்மை நோக்கி மேடாக எழுந்திருக்கிறது என்பதற்கு மேல் அச்சொல் எதனையும் சொல்லவில்லை. குவியம் என்னும் சொல்லில் வருவதோ தாமரையின் குவிவு. அது கதிர்கள் ஒன்றுகூடும் இடத்தைச் சொல்கிறது. முன்னையது வடிவப்பெயர், பின்னையது தொழிலாற் பெற்ற பெயர். இதனைக் கரும்பலகையில் எழுதிக்காட்டப் பத்து நிமிடம் சென்றது. வகுப்பு முழுவதும் விளங்கிக்கொண்டது. பத்து நிமிடத்தில் தீர்கின்ற ஒரு சிக்கலுக்காகவா ஒரு மொழியையே வகுப்பறையிலிருந்து வெளியேற்றச் சொல்கின்றார்கள்?

இனி, நீதிபதியின் ஆசனத்தில் இருக்கும் சொல்லைக் கூண்டுக்கு அழைப்போம்.

கொன்வெக்ஸ் என்னும் ஆங்கில அடைமொழி இலத்தீன் மொழியின் ‘கொன்வெக்ஸுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கவிந்த, வளைந்து மூடிய என்பது அச்சொல்லின் பொருள். உரோமப் பெருங்கவிஞன் வேர்ஜில் அதனை வானத்தின் கவிகைக்கு வழங்கினான். வானத்தை நாம் எங்கிருந்து பார்க்கிறோம்? கீழிருந்து, அதாவது உட்புறத்திலிருந்து. இன்றைய பௌதிக நூலின் வரைவிலக்கணப்படி அப்படிப் பார்க்கப்படும் பரப்பு கொன்கேவ் ஆகும். ஆக, கொன்வெக்ஸ் என்ற சொல் பிறந்த வீட்டிலேயே இன்று கொன்கேவ் என்று நாம் சொல்வதையும் தன் வயிற்றில் வைத்திருந்தது. ஆங்கிலத்திற்கு வந்த பின்னரும் அது உடனே திருந்திவிடவில்லை. 1667இல் வெளிவந்த ‘பரடைஸ் லொஸ்ற்’ காவியத்தில், நரகத்தில் அடைபட்டவர்களின் தலைக்குமேல் கவிந்திருக்கும் நெருப்புக் கூரையை மில்ரன் கொன்வெக்ஸ் என்றே குறிப்பிடுகிறான். பேசுபவர்கள் அக்கூரைக்கு உள்ளே இருப்பவர்கள்! ஆங்கில இலக்கியத்தின் மாபெருங் கவிஞன் ஒருவனுக்கே உள்ளும் புறமும் ஒரு சொல்லாயிருந்தபோது, எங்கள் பத்தாந்தரப் பிள்ளை தடுமாறுவதில் என்ன அதிசயம்?

இலக்கியத்தை விடுவோம், கணிதத்துக்கு வருவோம். அங்கேதான் மயக்கத்துக்கு இடமில்லை என்பார்கள். கிண்ணம்போல மேல்நோக்கித் திறந்திருக்கும் பரவளைவை எடுங்கள். பல்கலைக்கழகக் கணிதத்தில் அது கொன்வெக்ஸ் சார்பின் வளையி. கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பொறியியலாளராக இருந்துகொண்டே கணித ஆராய்ச்சி செய்த டென்மார்க் தேசத்து யென்சன் 1906இல் இத்தகைய சார்புகளைப்பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பள்ளிக்கூட நுண்கணித நூல்கள் பலவற்றைத் திறந்தால், அதே பரவளைவை ‘மேல்நோக்கிக் கொன்கேவ்’ என்று சொல்லியிருப்பார்கள். பள்ளியில் கொன்கேவ், பல்கலைக்கழகத்தில் கொன்வெக்ஸ். கோடு ஒன்றுதான், மொழியும் ஒன்றுதான். பிழை எவரிடமும் இல்லை. ஒருவர் வளையியை மேலிருந்து பார்க்கிறார், மற்றவர் கீழிருந்து பார்க்கிறார்.

பல்கோணிகளின் கதை இன்னும் வேடிக்கையானது. குவிவுப் பல்கோணி என்று சொல்லுகிறோம். ஆங்கிலத்திலும் கொன்வெக்ஸ் என்றே சொல்லுகிறார்கள். அதன் பக்கங்கள் எல்லாம் நேர்கோடுகள். வளைவு என்பது மருந்துக்கும் இல்லை. அங்கே அச்சொல்லின் கருத்து, உருவத்துக்குள் எந்த இரு புள்ளிகளை எடுத்து இணைத்தாலும் இணைக்கும் கோடு உருவத்துக்கு வெளியே போகாது என்பது. வளைந்த பொருளைக் குறிக்கப் பிறந்த சொல், வளைவே இல்லாத சதுரத்தையும் முக்கோணியையும் தனக்குள் இழுத்துக்கொண்டுவிட்டது. சொற்கள் இப்படித்தான் வளரும். அதைக் குறை சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நடந்தால் அதன் பெயர் வளர்ச்சி, தமிழில் நடந்தால் அதன் பெயர் குழப்பம் என்ற நியாயத்தையே ஆட்சேபிக்கிறேன்.

உயர்தர வகுப்பிற் பொருளியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு சான்று கைவசம் உண்டு. நுகர்வோனுக்குச் சமதிருப்தி தரும் பொருட்சேர்க்கைகளை இணைத்து வரையப்படும் வளையியை ஆங்கில நூல்கள் வெறுமனே கொன்வெக்ஸ் என்று சொல்லிவிடாமல், ‘உற்பத்தியை நோக்கிக் கொன்வெக்ஸ்’ என்று சொல்வது வழக்கம். (இங்கே உற்பத்தி என்பது அச்சுகள் வெட்டும் புள்ளி. உற்பத்திச் சாத்திய வளையி உற்பத்தியை நோக்கிக் குழிவானது என்று எழுதும்போது எந்த உற்பத்தி எது என்று ஒரு பிள்ளை கேட்டால் அதற்கும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.) ‘எதனை நோக்கி’ என்ற அந்தச் சிறு தொடரே இங்கு முக்கியமானது. பொருளியலாளர் தம் அனுபவத்திற் கண்டது யாதெனில், இந்த அடைமொழி தனித்து நின்று பொருள் தராது, எப்பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதையும் சொன்னால்தான் பொருள் தரும் என்பதே. சிரட்டை ஒன்றைக் கையில் எடுத்த எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் இது தெரியும். உள்ளே பார்த்தால் குழிவு, புறத்தே பார்த்தால் குவிவு, சிரட்டை ஒன்றுதான்.

இவ்வளவு குழப்பம் இருந்தும் ஆங்கிலச்சொல் ஏன் எமக்குத் தெளிவாகத் தோன்றுகிறது? அதன் வேர் எமக்குத் தெரியாது, அதனாலே தோன்றுகிறது. கொன்வெக்ஸ் என்ற ஒலி எங்கள் பிள்ளையின் மனத்தில் நெற்களத்தையோ தாமரையையோ எழுப்பாது. எதனையும் எழுப்பாத ஒலி எவ்வித ஐயத்தையும் எழுப்பாது. துணிக்கடையிற் கொடுக்கும் இலக்கத் துண்டைப்போல அதை வாங்கி வைத்துக்கொண்டு, பரீட்சை மண்டபத்திலே திருப்பிக் கொடுத்துவிடலாம். ‘குவிவாடி ஏன் குவிக்கவில்லை’ என்று தமிழ்மொழிமூல மாணவன் கேட்டான். ஆங்கிலமொழிமூல மாணவனுக்கு அப்படி ஒரு வினா எழ வழியே இல்லை. வினா எழாமையைத்தான் இந்த இரக்கவான்கள் தெளிவு என்று பெயரிட்டு அழைக்கின்றார்கள்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளையின் நிலைமை என்ன? அந்தப் பிள்ளைக்கும் கொன்வெக்ஸ், கொன்கேவ் இரண்டும் மாறிப்போகின்றன. மாறாமலிருக்க அங்குள்ள ஆசிரியர்கள் ஓர் உபாயம் சொல்லிக்கொடுப்பது பிரசித்தம்: கொன்கேவ் என்பதன் கடைசியில் ‘கேவ்’ இருக்கிறது, கேவ் என்றால் குகை, குகை உள்வாங்கியிருக்கும். நல்ல உபாயம்; சொல்வரலாற்றின்படியும் சரியானதே. ஆனால் இதைக் கவனியுங்கள். ஆங்கிலப் பிள்ளைக்கு ஊன்றுகோலாகக் கொடுக்கப்படும் குகை, எங்கள் பிள்ளைக்குச் சொல்லின் முதலெழுத்துகளிலேயே குழியாக வெட்டப்பட்டிருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு வேண்டியது அந்தக் குழியைச் சுட்டிக்காட்டும் ஓர் ஆசிரியர்.

இங்கேதான் சொல்லாராய்ச்சி முடிந்து சமூகப் பிரச்சினை தொடங்குகிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1950களில் இடைநிலை வகுப்புகள் படிப்படியாகத் தாய்மொழிமூலத்துக்கு மாறின. அதன் பயனாகவே கமக்காரனின் மகனும் தோட்டத்து மகளும் ஆய்வுகூடத்தின் வாசலை மிதித்தார்கள். அதற்கு முன்னர் விஞ்ஞானம் ஆங்கிலக் கல்லூரிக்குக் கட்டணம் செலுத்த வல்லவர்களின் குடும்பச்சொத்து. 2001ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் அரச பாடசாலைகள் சிலவற்றில் ஆங்கிலமொழிமூலம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆங்கிலத்தைப் பயிலும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதாயின் எவர் மறுப்பர்? ஆனால் அந்த வகுப்புகள் எங்கே நடக்கின்றன, எங்கே நடக்கவில்லை என்பதை ஆசிரிய நண்பர்கள் தத்தம் கோட்டங்களிலேயே எண்ணிப் பார்க்கலாம். நகரத்துப் பெரிய கல்லூரியில் ஆங்கிலத்திற் பௌதிகம் கற்பிக்க ஆள் இருக்கிறது. வன்னியிலும் மலையகத்திலும் எத்தனையோ பாடசாலைகள் தமிழிற் பௌதிகம் கற்பிக்கவே ஆளின்றித் தவிக்கின்றன. அத்தகைய பாடசாலையைப் பார்த்து ‘உங்கள் சொல்லில் தெளிவில்லை, ஆங்கிலத்துக்கு மாறுங்கள்’ என்பது, செருப்பில்லாதவனைப் பார்த்து உன் நடை சரியில்லை, மோட்டார் வண்டியிற் போ என்பதற்கு ஒப்பானது.

எமது தரப்பின் குறைகளையும் பேசாமல் விட இயலாது. தமிழிற் கலைச்சொல் ஆக்கத்துக்கு இந்நாட்டில் நீண்ட மரபு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன் 1864 முதல் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழ்ச்சொல் கிடைத்த இடத்தில் தமிழ்ச்சொல்லையும், கிடைக்காத இடத்தில் ஒலிபெயர்ப்பையும் தயங்காமல் வழங்கினார். 1875இல் வெளிவந்த அவருடைய இரசாயன நூலின் பெயரே ‘கெமிஸ்தம்’. பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. பெரும்பணி அது. ஆயினும் சொற்றொகுதி அச்சானவுடன் வேலை முடிந்தது என்று கருதிவிட்டோம். சொல்லை உண்டாக்கியவர்கள் அதனை எப்படி விளக்குவது என்று எழுதிவைக்கவில்லை, கற்பிப்பவர்கள் கேட்கவுமில்லை. அதன் விளைவே “அது பேர், பாடமாக்கு.”

இன்னொரு கூட்டத்தார் இருக்கின்றனர். தடுமாற்றம் என்று எவராவது சொன்னவுடன் புதுச்சொல் ஒன்றை உலையில் வைப்பவர்கள். குவிவுக்குப் பதிலாகப் ‘புடைப்பு’ என்று சொல்லலாமே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். சொல் நல்ல சொல்தான். புடைத்தல் வடிவத்தை மட்டுமே குறிக்கும். ஒளியைச் சேர்க்கும் தொழிலோடு அதற்கு உறவில்லை. முதன்முதலாகப் பெயரிடும் நாளாக இருந்தால் நானும் அதற்கே வாக்களித்திருப்பேன். ஆனால் இரண்டு மூன்று தலைமுறை குவிவு என்றே படித்திருக்கிறது. பழைய வினாத்தாள்களும் கைநூல்களும் அண்ணன் அக்காமாரின் கொப்பிகளும் அச்சொல்லிலேயே இருக்கின்றன. வறிய பிள்ளை படிப்பது அந்தப் பழைய கொப்பியில். சொல்லை மாற்றினால் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளையே.

தமிழகத்துப் பாடநூற் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்வோம் என்பாரும் உண்டு. அங்கே குவி ஆடி, குழி ஆடி, குவி லென்சு, குழி லென்சு என்று வழங்குகின்றனர். இந்த இடத்தில் நான் கற்ற இலக்கணத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. குவி ஆடி என்பது வினைத்தொகையாக நிற்கக்கூடிய தொடர். குவிந்த ஆடி என்றும் விரிக்கலாம், குவிக்கும் ஆடி என்றும் விரிக்கலாம். இரண்டாவது விரி பௌதிக உண்மைக்கு நேர்மாறானது. எமது குவிவாடியிலோ குவிவு என்பது தொழிற்பெயராய் நின்று ஒரு பண்பின் பெயராகிவிட்டது. குவிவையுடைய ஆடி என்று விரிப்பதே அங்கு இயல்பு. ஒரு வுகரம் செய்யும் உபகாரம் இது. எமது சொல் இந்த இடத்தில் நுட்பமானது என்பதைச் சொல்லப் பிரதேசப் பெருமை வேண்டியதில்லை, இலக்கணம் போதும்.

ஆகவே சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு மூன்று காரியங்களைச் செய்யலாம். குவிவு, குழிவு இரண்டையும் வடிவத்துக்கு மட்டுமே வழங்குவோம். ஒளியின் செயலைச் சொல்லும்போது ஒருங்குதல், விரிதல் என்று மட்டுமே சொல்வோம். ‘கதிர்களைக் குவிக்கும்’ என்ற தொடரை வகுப்பறையிலிருந்தும் கைநூலிலிருந்தும் விலக்கிவிடுவோம். வளையியைப்பற்றியோ பரப்பைப்பற்றியோ பேசும்போது எப்பக்கத்திலிருந்து என்பதைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்காதிருப்போம். இவற்றுக்குச் சுற்றறிக்கை வேண்டாம், வெளிநாட்டு உதவி வேண்டாம். பாடநூல் திருத்தப்படும் அடுத்த முறை ஓர் அடிக்குறிப்பு எழுதினால் நல்லது. எழுதாவிட்டாலும் நாளைக் காலையே தொடங்கலாம்.

உபகரணங்களும் பெரிதல்ல. மினுக்கிய கரண்டி ஒன்றின் உட்புறத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் முகம் தலைகீழாகத் தெரியும். திருப்பிப் பிடித்தால் நிமிர்ந்து, சிறுத்துத் தெரியும். பஸ் சாரதியின் பக்கவாட்டு ஆடியும் மலைப்பாதை வளைவுகளில் நாட்டியிருக்கும் ஆடியும் குவிவாடிகள். பரந்த இடத்தைக் காட்டுவதற்காகப் பொருளைச் சிறிதாக்கிக் காட்டுவதால், பின்னே வரும் வண்டி உண்மையிலும் தூரத்தில் வருவதுபோலத் தோன்றும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டலாம்: தூரத்துப் பொருள் தெரியாதவருக்குக் கொடுப்பது குழிவு வில்லை என்று படித்த பிள்ளை அதன் வெளிமுகத்தைத் தடவிப்பார்த்தால், அது பெரும்பாலும் குவிந்தே இருக்கும்! உள்முகம் அதனிலும் ஆழமாகக் குழிந்திருப்பதால் நடு மெலிந்து, வில்லை மொத்தத்தில் குழிவு வில்லையின் வேலையைச் செய்கிறது. ஒரே வில்லையில் இரு அடைமொழிகளும் குடியிருக்கின்றன என்பதைக் கையால் தொட்டறிந்த பிள்ளை அதன்பின் அச்சொற்களை மாற்றிச் சொல்லாது.

பரீட்சை வினாத்தாள் ஆக்குபவர்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. ‘குவிவாடியின் பயன்கள் இரண்டு தருக’ என்ற வினாவை எத்தனை ஆண்டுகளுக்குக் கேட்பது? அதற்கு விடை எழுதப் பார்வையும் வேண்டாம், சிந்தனையும் வேண்டாம். அதனை விட்டு இதனைக் கேளுங்கள்: நீருக்குள் நிற்கும் காற்றுக்குமிழியின் இருபுறமும் வெளிநோக்கிப் புடைத்திருக்கின்றன, வடிவத்திலே அது குவிவு வில்லை, அதனூடு செல்லும் சமாந்தர ஒளிக்கதிர்கள் ஒருங்குமா, விரியுமா, ஏன்? விரியும் என்பதே விடை. நீரிலிருந்து ஐதான காற்றுக்குள் ஒளி புகுந்து வெளியேறுவதால் முறிவின் திசை கண்ணாடி வில்லையில் நிகழ்வதற்கு எதிராகிறது. குவிவு என்பது வடிவத்தின் பெயர் என்று விளங்கிப் படித்த பிள்ளைக்கு இந்த வினாவில் அச்சமில்லை. இதே வினாவை, கொன்வெக்ஸ் என்று சொன்னாலே எல்லாம் தெளிந்துவிடும் என்கின்ற அன்பர்கள் தம் பிள்ளைகளிடமும் ஆங்கிலத்திலேயே கேட்டுப் பார்க்கட்டும்.